ஒரு மாற்றல் மனுவும் இரண்டு ஆசிரியைகளும்

1

சென்ற திங்கட்கிழமையோடு என் ஒப்பந்தம் முடிந்தது. பயிற்சி ஓராண்டு, பணி மூன்றாண்டு. அன்று காலையிலும் வழக்கம்போல எழுந்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, கணவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, காஜா பேராங் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். அன்றைக்கு என்ன நாள் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதே வாரம் திருச்சியிலிருந்து காந்திமதியின் கடிதம் வந்தது. கல்லூரியில் என்னோடு கணிதம் படித்தவள். 'மலாயாவில் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை கொடுத்து ஆசிரியப் பயிற்சி தருகிறார்களாமே, யாரும் போக விரும்பாத பள்ளிகளுக்கென்றே ஆள் தயார் செய்கிறார்களாமே, நம் ஊருக்கும் அப்படி ஒன்று வந்தால் எத்தனை நன்றாக இருக்கும், நீ அதில் சேர்ந்தவள்தானே, விவரமாக எழுது' என்று கேட்டிருந்தாள்.

நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. அவளுக்கு எழுதத் தொடங்கியது இப்படி எல்லாருக்குமாக நீண்டுவிட்டது.

2

நான் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தவள். கணவர் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி. இங்கே எழுத்தர் வேலை பார்ப்பவர்களைக் கிராணி என்றுதான் சொல்வார்கள். காஜா பேராங்கில் எங்களுடைய வாடகை வீட்டுக்கு அடுத்த சந்திலிருந்து மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு தொடங்குகிறது. பல தலைமுறைகளுக்கு முன் வணிகத்துக்கு வந்த தமிழர்கள், இந்த மண்ணுப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பெயர் ஆறுமுகம் என்றும் தெய்வானை என்றும் இருக்கும். பேசுவது மலாய்தான், அதுவும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். பெண்கள் சாரோங்கும் கெபாயா ரவிக்கையும் உடுத்துவார்கள். வந்த புதிதில், கோயிலில் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கற்பூரம் எங்கே கிடைக்கும் என்று தமிழில் கேட்டுவிட்டு, அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்ததைப் பார்த்து விழித்தேன்.

பயிற்சிக்கு நான் விண்ணப்பம் போட்டது சுதந்திரம் வந்த ஆண்டில். மெர்டேக்கா என்று ஊரெல்லாம் கொடி. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், கணவரின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக, செங் தாண்டி ஆலோர் காஜா போகும் வழியில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். ஒரே தகரக் கொட்டகைக்குள் ஆறு வகுப்பும் நடந்தன. ஆசிரியர் ஒருவர்தான், அவரும் காலையில் மருந்துக் கொட்டகையில் மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவர். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் சிலேட்டில் பின்னக் கணக்கைப் பார்த்தேன். அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று போட்டிருந்தாள். வாத்தியார் அதற்குச் சரி போட்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சரிக்குறி மனதை விட்டுப் போகவில்லை. பட்டதாரிகளுக்கான விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்ததும் விண்ணப்பம் போட்டேன். குடியுரிமைக்கு மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்களையும் அப்போது எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத்தில், எந்தப் பள்ளிக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கு என்றேன். கேட்டவர் தலைநிமிர்ந்து பார்த்தார். அப்படிச் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை போலும்.

3

பயிற்சி வகுப்பில்தான் தேவானே பழக்கம். பதிவேட்டில் தெய்வானை பிள்ளை. சிங்கப்பூரில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள். மலாக்கா செட்டிப் பெண், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது சந்தில் அவளுடைய வீடு. நானும் அவளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். என் மகள் வசந்தாவுக்கு அப்போது ஏழு வயது. அவள் மட்டும் தேவானேயோடு மலாயில் கொட்டித் தீர்ப்பாள். அவளைக் 'காக்கா' என்று கூப்பிட்டபோது நான் அதட்டினேன். மலாயில் அக்காவுக்குக் காக்கா என்று பெயர் என்பதை மகள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

பயிற்சி முடிந்து நியமனப் பட்டியல் ஒட்டப்பட்டது. நானும் தேவானேயும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். என் பெயருக்கு நேரே கடலோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், புதிதாகத் திறந்த மலாய் இடைநிலைப் பள்ளி, கணித ஆசிரியை. அவள் பெயருக்கு நேரே தோட்டத் தமிழ்ப் பள்ளி, பொறுப்பாசிரியை. அதுவும் நான் பார்த்த அதே தகரக் கொட்டகை.

தேவானே பட்டியலை இரண்டு முறை படித்தாள். "எனக்குத் தமிழில் மூன்று வார்த்தை தெரியும். அம்மா, பூசை, விபூதி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நியமன அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், தன்மையானவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. பட்டியல் மேலயிருந்து வந்தது. நான் என்ன செய்யிறது? ரெண்டு பேரும் மாற்றல் மனு எழுதித் தாங்கோ, மூண்டு பிரதி."

எழுதிக் கொடுத்தோம். அதிகாரி உள்ளே கூப்பிட்டார். ஆங்கிலேயர், மரியாதையாகத்தான் பேசினார். தமிழ்ப் பள்ளிக்கு இந்தியர் தேவை, இவர் பெயர் பிள்ளை, இந்துக் கோயிலுக்குப் போகிறவர், இதில் என்ன பிழை என்று கேட்டார். தேவானே தன் குடும்பத்தின் கதையைச் சொன்னாள். அவர் ஆர்வமாகக் கேட்டார், குறிப்புக்கூட எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கணிதப் பட்டதாரியை ஆரம்பப் பள்ளியில் வைத்து வீணடிக்க முடியாது என்றார். கடைசியில், 'ஒரு பள்ளித் தவணை பொறுங்கள், மாற்றித் தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தார்.

அந்தத் தவணை முடிவதற்குள் அவர் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். சுதந்திர நாட்டில் வெள்ளைக்காரர் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த நேரம். அது வேண்டியதுதான், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்குப் பின் வந்தவர் கோப்பைக் கேட்டால் மேசையில் இல்லை என்றார். அவருக்குப் பின் வந்தவர், அப்படி ஒரு மனு வந்ததாகவே பதிவு இல்லை, புதிதாக எழுதுங்கள் என்றார். எழுதினோம், அதுவும் மூன்று பிரதி.

4

கடலோரப் பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. அந்தப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. மீன் பிடிப்பவர்களின் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். என் மலாய்தான் மோசம். முதல் மாதத்தில், பத்துத் தேங்காயில் மூன்றை விற்றால் மீதி எத்தனை என்று கேட்க நினைத்து, தேங்காய்க்குக் கெலாப்பா என்று சொல்லாமல் கெப்பாலா என்றுவிட்டேன். கெப்பாலா என்றால் தலை. பத்துத் தலையில் மூன்றை விற்ற ஆசிரியை என்று கம்பம் முழுக்கப் பேச்சு. ஒரு சொல்லில் ஓர் எழுத்து இடம் மாறினால் நான்கு பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவள் கோமாளியாகிவிடுகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்து மகளிடம் அடுத்த நாள் பாடத்தைச் சொல்லிக் காட்டுவேன். அவள் பல்லாங்குழி ஆடிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சாலா லா அம்மா" என்பாள். தப்பு என்று அர்த்தம்.

தோட்டத்தில் தேவானே பட்ட பாடு வேறு. முதல் நாள் அவள் மலாயில் வணக்கம் சொன்னாளாம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒரு வாரத்தில், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரச் சனிக்கிழமை நானும் அவளுடன் போயிருந்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கு விடுமுறை, தோட்டப் பள்ளிக்கு அரை நாள் உண்டு.

"இவங்க பேசறது புள்ளைங்களுக்கு ஒன்னும் வெளங்கலங்கம்மா" என்றாள் அவர்களில் மூத்தவள். "முன்ன இருந்த வாத்தியாரு பாதி நாளு வரமாட்டாரு, வந்தா தமிழாச்சும் பேசுவாரு. எம்மவ அஞ்சலை இந்த வருசம் பரீட்ச எழுதணும். எழுதினாத்தான் டவுன் ஸ்கூலுக்கு எடுப்பாங்களாம். என்னா பண்றது சொல்லுங்க?"

அஞ்சலை அவளுக்குப் பின்னால் நின்றாள். ஆறில் இரண்டு என்று போட்டிருந்தவளின் தங்கை இவள். அக்கா ஏற்கெனவே அம்மாவோடு பால் வெட்டப் போய்விட்டாள்.

வந்ததற்கு ஒரு கணக்கு நடத்திவிட்டுப் போகிறேன் என்று சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தேன். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனேன்.

5

எட்டு மாதம் அப்படிப் போனது. காலை பஸ்ஸில் இருவரும் ஏறுவோம். பெண்டஹாரா சாலைக் கடையில் வாங்கிய நோட்டுகள் என் மடியில், சிலேட்டுகள் அவள் மடியில். ஆறாம் வகுப்பில் நான்கு பேர் பரீட்சைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு நான் கணக்கும் தமிழும் எடுப்பேன். அந்த நேரத்தில் தேவானே முதல் வகுப்புப் பெஞ்சில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், கெபாயாவோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுவாள். ழகரம் வராது. 'பளம்' என்பாள். பிள்ளைகளே திருத்துவார்கள், அவர்களுக்கும் சரியாக வராது.

வார நாள்களில் மாலையானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் ஒரு பக்கம் தமிழ் எழுத, நான் ஒரு பக்கம் அவளிடம் மலாய் கேட்பேன். வசந்தாவையும் உட்கார வைக்கப் பார்த்தேன். "தா பாயா லா அம்மா" என்பாள், வேண்டியதில்லை என்று. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலாய், தமிழ் எதற்கு என்பது அவள் கணக்கு. தன் மொழியே இல்லாத மொழியை இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி என் மேசையில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, நான் பெற்றவள் வாசலில் நின்று மலாயில் யாரையோ விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் கோபத்தில் அடித்துவிட்டேன். தேவானே எழுதுவதை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டிலும் எப்போதோ ஒரு அம்மா இப்படி அடித்திருப்பாள், அப்படியும் தமிழ் போய்விட்டது" என்றாள்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மேற்பார்வைக்கு ஒருவர் வந்தார். பொறுப்பாசிரியை முதல் வகுப்புப் பெஞ்சில் இருக்கிறாள், பதிவேட்டில் பெயரே இல்லாத ஒரு பெண் கரும்பலகை முன் நிற்கிறாள். அவர் யாரையும் திட்டவில்லை. என் பெயரையும் பள்ளியையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

6

பத்து நாளில் கடிதம். எனக்கு ஒதுக்கப்படாத பள்ளியில் அனுமதியின்றிக் கற்பித்தது ஒப்பந்தத்துக்கு முரணானது, இனி அந்தப் பள்ளியில் கற்பிப்பதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும், மேல் நடவடிக்கையும் இருக்கும் என்று எழுதியிருந்தது.

எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லி எனக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார்களோ, அந்தப் பள்ளியில் ஏன் கற்பித்தாய் என்று கேட்டு வந்த கடிதம் அது. எதிர்த்து எழுதப் போகிறேன் என்றேன். கணவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அதட்டும் சுபாவம் இல்லாதவர்.

"லோகா, நம்ம குடியுரிமை மனு உள்ள இருக்கு. உன்னோடதும் இருக்கு. இப்போ நீ எதுத்து எழுதினா இந்தப் பேப்பரையும் அதோட சேத்து வெச்சிருவாங்க. நாளைக்கு வசந்தா எந்த ஊர்ப் புள்ளைன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அந்த நாலு புள்ளைங்க?"

"அவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியல. நம்ம புள்ளைக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் நியமன அலுவலகத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கிராணியார் தாளை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் திறந்து வைத்தார். "போடுங்கோ பிள்ளை. பெரிசா எடுக்காதேங்கோ. இந்தக் கந்தோரில நான் எத்தினை பேர் கையெழுத்துப் போடப் பாத்தனான்" என்றார்.

போட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. பிள்ளைகளிடம் நேரில் சொல்லக்கூட முடியாமல் போயிற்று. தேவானே தன்னால் முடிந்ததைச் செய்தாள். நான்கு பேரும் பரீட்சை எழுதினார்கள். நான்கு பேரில் ஒருவரும் தேறவில்லை.

7

அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவானே விடவில்லை. தோட்டத்துப் பெண்களோடு தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசிப் பேசியே தமிழ் கற்றாள். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள்; அவள் தமிழ் அந்த லயத்துத் தமிழ். வகுப்பில் பாடம் நடத்தும் அளவுக்கு வந்துவிட்டது. போன ஆண்டு ஒரு பெண் பரீட்சையில் தேறி டவுன் பள்ளிக்கு வந்திருக்கிறாள். கணவருக்குக் குடியுரிமை கிடைத்தது. என்னுடையது இன்னும் பரிசீலனையில்.

நான்கு வாரத்துக்கு முன் தேவானே ஒரு கடிதத்தோடு வந்தாள். நாங்கள் இரண்டாம் முறை எழுதிய மாற்றல் மனு எந்த மேசையிலிருந்தோ கிளம்பி வந்துவிட்டது. 'தங்களுக்குத் தமிழ் தெரியாது என்னும் காரணத்தை ஏற்று' அவளை மலாக்கா நகரிலேயே, காஜா பேராங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பெண்கள் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். தோட்டப் பள்ளிக்கு அவளிடத்தில் என்னைப் போட்டிருக்க வேண்டும், மனு அப்படித்தான். ஆனால் அந்தப் பள்ளியில் கற்பிப்பதில்லை என்று நான் கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருந்ததாம். ஆகையால் அந்த இடம் 'தற்போதைக்குக் காலி'.

தேவானேயின் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவள் அம்மா பலகாரம் செய்து எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். தேவானே மட்டும் என் மேசையில் உட்கார்ந்து தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினாள். தமிழ் தெரியாது என்பதற்காகத்தானே மாற்றுகிறார்கள், தமிழில் எழுதினால் புரிந்துகொள்வார்கள் என்பது அவள் எண்ணம். 'ஐயா, எனக்கு இப்ப தமிள் தெரியும். நான் போக இல்லை. பிள்ளைங்க இருக்கு' என்று தொடங்கியது. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன்.

"வேணாங்க்கா" என்றாள் தமிழில். "நீங்க தொட்டா நீங்க எளுதினதுன்னு சொல்லிருவாங்க."

ஒரு வாரத்தில் கடிதம் திரும்பி வந்தது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதாத மனுக்கள் பரிசீலிக்கப்பட மாட்டா. நான் நேரே கிராணியாரிடம் போனேன்.

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சன் பிள்ளை. ரெண்டு தரம் வாசிச்சன்."

"அப்போ அதிகாரிக்கு வாசிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"மொழிபெயர்க்க எனக்கு உத்தரவு இல்லை" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நான் போட்ட உறுதிமொழி ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுமா என்றும் கேட்டேன். கோப்பை எடுத்துப் பார்த்தார். "அதில முடிவுத் திகதி ஒண்டும் போடேல்லை" என்றார்.

8

புதிய பள்ளியில் சேர வேண்டிய நாளன்று தேவானே தோட்டத்து பஸ்ஸில் ஏறிவிட்டாள். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இந்த மாதம் அவளுக்குச் சம்பளம் வருமா என்று தெரியாது. அவள் அம்மா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். என்னால்தான் மகள் கெட்டாள் என்று நினைக்கிறார்.

சென்ற சனிக்கிழமை நானும் போனேன். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். கணவர், "பாத்துப் போய்ட்டு வா" என்றதோடு சரி.

பள்ளி வாசலில் ஒரு பெண் வாளியும் கத்தியுமாக நின்றாள். மேலெல்லாம் ரப்பர்ப் பால் வாடை. அஞ்சலை என்று அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. பதினைந்து வயதுதான் இருக்கும், தோள் அகன்றுவிட்டது.

"டீச்சர், அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

கதை கட்ட எனக்கு மனமில்லை. பயந்துவிட்டேன், இனி இங்கே வந்து சொல்லித்தர மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

"எங்கம்மாவும் ஆபீஸ்ல கைநாட்டு வெப்பாங்க. என்னான்னு அவங்களுக்குத் தெரியாது" என்றாள். "நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான போட்டீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே தேவானே லயத்துத் தமிழில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "பின்னக் கணக்கு எனக்கு இன்னும் வரல டீச்சர்" என்றாள்.

காந்திமதி, உன் கேள்விக்கு இவ்வளவுதான் என்னால் பதில் எழுத முடியும். நாளை மறுநாள் சனிக்கிழமை. காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.